காற்றாலை சிமுலேஷன்: அந்த எண் எங்கிருந்து வருகிறது?

2019 அக்டோபரில் டென்மார்க்கின் ஆர்ஸ்டெட் நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. கடலில் நிற்கும் தங்கள் காற்றாலைகள் எவ்வளவு மின்சாரம் தரும் என்று போட்டிருந்த கணக்கு கொஞ்சம் அதிகம், ஒரு காற்றாலை இன்னொன்றின் காற்றைக் கெடுப்பதைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம், ஆகவே சில திட்டங்களில் எதிர்பார்த்த வருவாய் விகிதத்தை 7.5–8.5 சதவீதத்திலிருந்து 7–8 சதவீதமாக இறக்குகிறோம் என்றது. இதைப் படித்தவர்களுக்குக் குழப்பம் வந்ததில் வியப்பில்லை. காற்றின் ஒவ்வொரு சுழலையும் நிறம் நிறமாக வரைந்து காட்டும் சூப்பர் கம்ப்யூட்டர் படங்கள் வந்துகொண்டே இருக்கின்றன, அதே சமயம் இந்தத் துறையிலேயே பழம் தின்று கொட்டை போட்ட நிறுவனம் கணக்கைத் திருத்துகிறது. அப்படியென்றால் அந்த சிமுலேஷன் எதைத்தான் கணக்கிடுகிறது?

பாதிக் குழப்பம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. லேப்டாப்பில் ஒரு நொடிக்குள் முடியும் கணக்கும் சிமுலேஷன்தான், ஆயிரக்கணக்கான பிராசசர்கள் நாள்கணக்கில் ஓடி முடிக்கும் கணக்கும் சிமுலேஷன்தான். இரண்டிலும் கொஞ்சம் கணக்கிடுகிறார்கள், மீதியை வேறெங்கிருந்தோ கடன் வாங்குகிறார்கள். அந்தக் கடன் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் முடிவை எவ்வளவு நம்பலாம் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

## காற்றில் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு எடுக்கலாம்

காற்றின் திறன் அதன் அடர்த்தியையும், இறக்கைகள் சுற்றும் வட்டத்தின் பரப்பையும், வேகத்தையும் பொறுத்தது. இதில் வேகம் மட்டும் மூன்றாம் அடுக்காக உள்ளே வருகிறது. காற்று 10 சதவீதம் குறைந்தால் திறன் 27 சதவீதம் குறையும். பின்னால் வரப்போகும் தலைவலிகள் பலவற்றுக்கு இதுதான் வேர்.

எண்களோடு பார்த்தால் எளிது. அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் 2009-ல் ஒரு 5 மெகாவாட் காற்றாலையின் முழு விவரங்களையும் வெளியிட்டது. அது எங்கும் கட்டப்பட்டதல்ல, ஆய்வாளர்கள் எல்லோரும் ஒரே பொருளை வைத்துக் கணக்குப் போடட்டும் என்று தாளில் உருவாக்கியது. இறக்கைகள் சேர்ந்து சுற்றும் பகுதியான ரோட்டாரின் விட்டம் 126 மீட்டர், முழுத் திறனை எட்டும் காற்று வேகம் நொடிக்கு 11.4 மீட்டர். அந்த வேகத்தில் அவ்வளவு பெரிய வட்டத்துக்குள் வரும் காற்றின் திறன் ஏறத்தாழ 11.3 மெகாவாட். கிடைப்பதோ 5.

மீதியில் பெரும்பகுதியை யாராலும் எடுக்க முடியாது. காற்றிடம் இருக்கும் ஆற்றல் முழுவதையும் பிடுங்கிக்கொண்டால் அது ரோட்டாருக்குப் பின்னால் அப்படியே நின்றுவிடும், அடுத்து வரும் காற்றுக்குப் போக வழி இருக்காது. ஜெர்மன் இயற்பியலர் ஆல்பர்ட் பெட்ஸ் 1920-ல் காட்டிய எல்லை 27-ல் 16 பங்கு, அதாவது 59.3 சதவீதம். நம் கற்பனைக் காற்றாலைக்கு அது 6.7 மெகாவாட். 5 என்பது அப்படியொன்றும் மோசமில்லை.

பெட்ஸ் கணக்கு இன்னொன்றும் சொல்கிறது. அந்த உச்ச நிலையில், ரோட்டாரைக் கடக்கும் இடத்திலேயே காற்றின் வேகம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கும். இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. இறக்கைமேல் விழும் விசையைக் கணக்கிட அந்த இடத்தில் காற்று எவ்வளவு வேகத்தில் போகிறது என்று தெரிய வேண்டும், அந்த வேகமோ இறக்கை கொடுக்கும் விசையைப் பொறுத்து மாறுகிறது. ஒன்று தெரியாமல் இன்னொன்று தெரியாது. எல்லா சிமுலேஷனும் இந்த வட்டத்தை எப்படியாவது உடைக்கும் முயற்சிதான்.

## நூறு வயதுக் கணக்கு

இன்றும் காற்றாலை வடிவமைப்பில் பெரும்பாலான கணக்குகள் ஓடுவது பிளேடு எலிமென்ட் மொமென்டம் என்ற முறையில். சுருக்கமாக பெம் என்று வைத்துக்கொள்வோம். இதன் ஒரு பாதி 1865-ல் கப்பல் புரொப்பெல்லருக்காக ரேங்கின் எழுதியதில் தொடங்கியது, 1935-ல் கிளாவர்ட் கையில் ஏறத்தாழ இன்றைய வடிவத்தை எட்டியது. வேலை செய்யும் விதம் இது:

1. இறக்கையை நீளவாக்கில் சில பத்துத் துண்டுகளாக வெட்டிக்கொள்கிறோம். ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டைக் கண்டுகொள்ளாது என்று வைத்துக்கொள்கிறோம். (இது உண்மையில்லை. ஆனாலும் வியக்கத்தக்க அளவுக்கு வேலை செய்கிறது.)

2. அந்தத் துண்டு இருக்கும் இடத்தில் காற்று எவ்வளவு தளர்ந்திருக்கும் என்று ஒரு எண்ணை ஊகித்துப் போடுகிறோம்.

3. தளர்ந்த காற்றின் வேகத்தையும் இறக்கை சுற்றும் வேகத்தையும் சேர்த்தால், காற்று அந்தத் துண்டை எந்தக் கோணத்தில் வந்து தொடுகிறது என்று கிடைக்கும். இதுதான் தாக்குகோணம்.

4. அந்தக் கோணத்துக்கு எவ்வளவு தூக்குவிசை (காற்றுக்குக் குறுக்காகத் தள்ளுவது), எவ்வளவு இழுவிசை (காற்றின் போக்கிலேயே இழுப்பது) என்று ஓர் அட்டவணையில் பார்த்து எடுக்கிறோம்.

5. அந்த விசை காற்றை எவ்வளவு தளர்த்தியிருக்கும் என்று திருப்பிக் கணக்கிடுகிறோம். முதலில் ஊகித்த எண்ணோடு ஒத்துப்போனால் சரி, இல்லையென்றால் புதிய எண்ணோடு இரண்டாவது படிக்குத் திரும்பிப் போகிறோம்.

அவ்வளவுதான். இருபது முப்பது சுற்றில் முடிவு நிலைத்துவிடும்.

இவ்வளவு எளிய முறையை ஏன் இன்னும் விடாமல் வைத்திருக்கிறார்கள்? எண்ணிக்கைதான் காரணம். காற்றாலைகளுக்கான சர்வதேசத் தரநிலை ஐ.இ.சி. 61400-1, ஒவ்வொரு காற்று வேகத்துக்கும் குறைந்தது ஆறு வெவ்வேறு கொந்தளிப்புக் காற்றுகளில், ஒவ்வொன்றும் பத்து நிமிடம், இறக்கையும் கோபுரமும் எப்படி வளைகின்றன என்று பார்க்கச் சொல்கிறது. 4-லிருந்து 24 மீட்டர் வேகம் வரை இரண்டிரண்டாகப் போனாலே 66 ஓட்டம். காற்று நேராக வருவது, சற்று இடமாக வருவது, சற்று வலமாக வருவது என்று மூன்றாகப் பிரித்தால் 198. இது இயல்பாகச் சுற்றும் நிலைக்கு மட்டும். புயல், மின்தடை, பிரேக் போடுவது என்று மற்ற நிலைகளும் சேர்ந்தால் ஆயிரங்களில் போய் நிற்கும், பிறகு இறக்கையின் வடிவத்தைக் கொஞ்சம் மாற்றினால் எல்லாவற்றையும் மறுபடி ஓட்டவேண்டும். ஓர் ஓட்டத்துக்கு ஒரு வாரம் ஆகும் முறையை வைத்துக்கொண்டு யாரும் காற்றாலை வடிவமைக்க முடியாது. ஓப்பன்ஃபாஸ்ட், ஹாக்2, பிளேடட் போன்ற மென்பொருள்களின் உள்ளே இந்தப் பழைய கணக்கு உட்கார்ந்திருப்பது அதனால்தான்.

## நான்காவது படியில் ஒளிந்திருக்கும் கடன்

மேலே உள்ள ஐந்து படிகளில் நான்காவதை மட்டும் மறுபடி படியுங்கள். விசையை அங்கே யாரும் கணக்கிடவில்லை. அட்டவணையிலிருந்து எடுத்தோம், அவ்வளவுதான். இறக்கையின் குறுக்குவெட்டு வடிவத்தை ஏர்ஃபாயில் என்பார்கள். அந்த வடிவத்தில் ஒரு நேரான, சுற்றாத துண்டைச் செய்து, காற்றுச் சுரங்கத்தில் வைத்து, கோணத்தை ஒவ்வொரு பாகையாக மாற்றி அளந்த எண்கள் அவை. அளக்க வசதியில்லாதபோது எக்ஸ்ஃபாயில் போன்ற நிரலில் கணக்கிட்டும் எடுப்பார்கள்.

அந்த அட்டவணை எவ்வளவு நுட்பமான விஷயம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. நம் 5 மெகாவாட் காற்றாலையின் இறக்கை நுனி நொடிக்கு 80 மீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் காற்று நொடிக்கு 1.4 மீட்டர் கூடினாலே தாக்குகோணம் ஒரு பாகை மாறிவிடும். ஒரு பாகைக்குத் தூக்குவிசை எண் ஏறத்தாழ 0.11 கூடும், அந்த எண்ணே வழக்கமாக 1-ஐ ஒட்டித்தான் இருக்கும். அதாவது முகத்தில் உணரக்கூட முடியாத ஒரு வீச்சுக்கு விசை பத்தில் ஒரு பங்கு மாறுகிறது.

சிறு கோணங்களில் இது ஒழுங்காகப் போகும். கோணம் ஓர் அளவைத் தாண்டினால் காற்று இறக்கையின் மேல்பரப்பை ஒட்டி ஓடுவதை விட்டுப் பிரிந்து எகிறும், தூக்குவிசை சரியும், இழுவிசை ஏறும். இதற்குப் பெயர் ஸ்டால். நேராக நிற்கும் துண்டு எந்தக் கோணத்தில் ஸ்டால் ஆகிறதோ, அதே கோணத்தில் சுற்றும் இறக்கையும் ஸ்டால் ஆகவேண்டும் என்று கட்டாயமில்லை. அச்சுக்கு அருகில் இருக்கும் பகுதியில், சுழற்சியினால் காற்று வெளிப்புறமாக இழுபட்டுப் பரப்போடு இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும், தூக்குவிசை அட்டவணை சொல்வதைவிட அதிகமாக வரும். ஹிம்மெல்ஸ்காம்ப் 1945-லேயே புரொப்பெல்லரில் இதை அளந்து காட்டிவிட்டார். ஆகவே அட்டவணையைத் திருத்த வேண்டும். எப்படித் திருத்துவது என்பதற்கு ஆளுக்கொரு சூத்திரம். நுனியில் காற்று சுற்றிக்கொண்டு ஓடுவதற்கு பிராண்டில் கொடுத்த ஒட்டு, ரோட்டார் காற்றை அதிகமாக மறிக்கும்போது கணக்கு உடைவதற்கு கிளாவர்ட் கொடுத்த ஒட்டு, கோணம் சடுதியில் மாறும்போது ஸ்டால் தாமதமாவதற்கு பெடோஸ்–லீஷ்மன் ஒட்டு என்று சட்டை முழுக்க ஒட்டுப் போட்டுத்தான் பெம் ஓடுகிறது.

இந்த ஒட்டுகள் எவ்வளவு தாங்கும் என்று ஒருமுறை நேராகவே சோதித்துப் பார்த்தார்கள். 2000-ம் ஆண்டு, 10 மீட்டர் விட்டமுள்ள இரண்டு இறக்கைக் காற்றாலை ஒன்றை கலிஃபோர்னியாவில் உள்ள நாசா ஏம்ஸ் மையத்தின் பிரம்மாண்டமான காற்றுச் சுரங்கத்துக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். அதன் வாய் 24.4 மீட்டருக்கு 36.6 மீட்டர். அளவீடுகளைக் காட்டாமல், வடிவ விவரங்களை மட்டும் கொடுத்து, அந்தத் துறையின் நிபுணர்களிடம் ‘எவ்வளவு திறன் வரும், சொல்லுங்கள்’ என்றார்கள். காற்று சீராக, நேராக, ஸ்டாலே இல்லாமல் வரும் சுலபமான நிலையில் வந்த பதில்கள் உண்மையான அளவில் 25 சதவீதத்திலிருந்து 175 சதவீதம் வரை சிதறிக் கிடந்தன. ஸ்டால் நிலையில் 30-லிருந்து 275 சதவீதம். பெம் பயன்படுத்தியவர்கள் எல்லோரும் ஏறத்தாழ ஒரே சமன்பாடுகளைத்தான் தீர்த்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. அவர்களுக்குள் வேறுபட்டவற்றில் முக்கியமானவை அட்டவணையும் அதன்மேல் ஒட்டிய ஒட்டுகளும்.

அந்தச் சோதனையில் அளவீட்டுக்கு வெகு அருகில் வந்த கணக்குகளில் ஒன்று டென்மார்க்கின் ரிசோ ஆய்வகக் குழுவுடையது. அவர்கள் அட்டவணையைத் தொடவே இல்லை. இறக்கையைச் சுற்றியுள்ள காற்று முழுவதற்கும், காற்றும் நீரும் எப்படி ஓடும் என்று சொல்லும் நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாடுகளை முப்பரிமாணத்தில் தீர்த்தார்கள்.

## அப்படியென்றால் எப்போதும் அதையே செய்யலாமே?

இதுதான் சி.எஃப்.டி. (கம்ப்யூட்டேஷனல் ஃபுளூயிட் டைனமிக்ஸ்). காற்று இருக்கும் வெளியைச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்து, ஒவ்வொரு அறையிலும் உள்ளே வந்ததும் வெளியே போனதும் கணக்கு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது. கடினம் எங்கே என்றால் அளவுகளின் வித்தியாசத்தில்.

இறக்கைப் பரப்பை ஒட்டி எல்லை அடுக்கு என்ற மெல்லிய காற்றுப் படலம் இருக்கிறது, உராய்வும் ஸ்டாலும் அங்கேதான் முடிவாகின்றன. அதைச் சரியாகப் பிடிக்கப் பரப்பை ஒட்டிய முதல் அறை சில மைக்ரான் உயரத்தில் இருக்க வேண்டும், தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. அதே காற்றாலைக்குப் பின்னால் கலங்கிய காற்று கிலோமீட்டர் கணக்கில் நீள்கிறது. மைக்ரானிலிருந்து கிலோமீட்டர் என்றால் நூறு கோடி மடங்கு. எல்லாச் சுழலையும் விடாமல் கணக்கிடுவதென்றால் தேவைப்படும் அறைகளின் எண்ணிக்கை 10-ன் அடுக்கு 15-ஐத் தாண்டும். எந்தக் கணினியிலும் நடக்காது.

ஆகவே இங்கேயும் கடன் வாங்க வேண்டியிருக்கிறது. இரண்டு வழிகள் புழக்கத்தில் உள்ளன. ரான்ஸ் முறையில் கொந்தளிப்பு முழுவதையும் சராசரியாக்கிவிட்டு, அதன் விளைவை மட்டும் ஒரு மாதிரியிடம், அதாவது தோராயச் சூத்திரங்களின் தொகுப்பிடம், கேட்டு வாங்குகிறார்கள். 1994-ல் மென்டர் வெளியிட்ட எஸ்.எஸ்.டி. மாதிரி இந்தத் துறையில் இன்றும் அதிகம் பயன்படுவது. எல்.இ.எஸ். முறையில் பெரிய சுழல்களைக் கணக்கிட்டு, அறைக்குள் அடங்காத சின்னச் சுழல்களுக்கு மட்டும் மாதிரியிடம் போகிறார்கள். சூப்பர் கம்ப்யூட்டர் செய்திகளோடு வரும் அழகான சுழல் படங்கள் பெரும்பாலும் இரண்டாவது வகை.

அந்தப் படங்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், பலருக்கு இது தெரிவதில்லை. ஒரு மீட்டர் அறைகளாக 3 கிலோமீட்டருக்கு 1-க்கு 1 என்று ஒரு பெட்டியைப் பிரித்தால் அதுவே 300 கோடி அறை. நொடிக்கு 80 மீட்டர் போகும் நுனி ஒரு காலப்படியில் ஓர் அறையைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள, பத்து நிமிடக் காற்றுக்கு 48,000 படிகள் தேவை. இதில் மைக்ரான் அறைகளுக்கு எங்கே இடம்? அதனால் இறக்கையின் வடிவத்தை முற்றாக எடுத்துவிட்டு, அது இருக்கும் கோட்டில் விசையை மட்டும் காற்றுக்குள் செலுத்துகிறார்கள். சோரன்சனும் ஷென்னும் 2002-ல் வெளியிட்ட இந்த முறைக்கு ஆக்சுவேட்டர் லைன் என்று பெயர். அந்த விசை எங்கிருந்து வருகிறது? அதே ஏர்ஃபாயில் அட்டவணையிலிருந்து. லேப்டாப்பில் பெம் பார்க்கும் அதே தாள்தான் சூப்பர் கம்ப்யூட்டருக்குள்ளும் இருக்கிறது. காற்றாலைக்குப் பின்னால் காற்று எப்படிக் கலைகிறது என்று பார்க்க இது அருமையான கருவி, சந்தேகமில்லை. ஆனால் அந்தப் படத்தைக் காட்டி ‘இந்தப் புதிய இறக்கை 3 சதவீதம் அதிகம் தருகிறது’ என்று யாராவது சொன்னால், அது படத்திலிருந்து வந்த முடிவா அட்டவணையிலிருந்து வந்த முடிவா என்று கேட்கவேண்டும்.

## ஒன்று நூறாகும்போது

இப்போது ஆர்ஸ்டெட் விஷயத்துக்கு வரலாம். ரோட்டாருக்குப் பின்னால் காற்று தளர்ந்து, கலங்கி நீள்வதை வேக் என்கிறார்கள், காற்று நிழல் என்று நாம் சொல்லலாம். அதற்குள் நிற்கும் அடுத்த காற்றாலைக்குக் குறைந்த காற்றுதான் கிடைக்கும். மும்மடி விதியால் இழப்பு பெரிதாகும்.

நூறு காற்றாலைகளுக்கு முப்பது வருடக் காற்றை எல்.இ.எஸ்.-ல் ஓட்ட முடியாது. அதனால் மிக எளிய சூத்திரங்களுக்குப் போகிறார்கள். 1983-ல் ரிசோவின் என்.ஓ.ஜென்சன் எழுதியது அவற்றில் பிரபலமானது: நிழல் ஒரு கூம்பாக விரிகிறது, விரிய விரிய உள்ளே இருக்கும் காற்று மீள்கிறது, எவ்வளவு வேகமாக விரிகிறது என்பதற்கு ஒரே ஒரு மாறிலி. ரோட்டார் காற்றை எவ்வளவு மறிக்கிறது என்று சொல்லும் உந்துவிசை எண் 0.8, அடுத்த காற்றாலை ஏழு விட்டத் தொலைவில் என்று வைத்துப் போட்டுப் பார்த்தால், மாறிலி 0.05 எனும்போது பின்னால் இருப்பதன் திறன் 47 சதவீதம் குறையும் என்று வருகிறது. அதை 0.075 ஆக்கினால் 35 சதவீதம். டென்மார்க்கின் ஹார்ன்ஸ் ரெவ் கடல் காற்றாலைப் பண்ணையில் 80 காற்றாலைகள் ஏழு விட்ட இடைவெளியில்தான் நிற்கின்றன, காற்று நேர் வரிசையில் வரும்போது இரண்டாம் வரிசையில் அளந்த இழப்பு 40 சதவீதத்தை ஒட்டியது. பாருங்கள், மாறிலியைச் சற்றே திருகினால் அளவீட்டோடு ஒத்துவந்துவிடும். வேறு இடத்தில், இன்னும் பெரிய பண்ணையில், வேறு வெப்பநிலைக் காற்றில் அதே மாறிலி பொருந்துமா என்பது தனிக் கேள்வி.

இன்னொன்று இதைவிட மோசம். இந்தச் சூத்திரங்கள் பின்பக்கம் மட்டும் பார்ப்பவை. முதல் வரிசைக்கு முழுக் காற்றும் கிடைக்கும் என்பது கணக்கின் தொடக்கத்திலேயே எழுதப்பட்டுவிட்டது. ஆனால் பண்ணை முழுவதும் சேர்ந்து ஒரு தடுப்புபோல நிற்கிறது. காற்று அதை நெருங்கும் முன்பே சற்றுத் தளர்ந்து, பக்கவாட்டிலும் மேலேயும் ஒதுங்கிப் போகிறது. இதை பிளாக்கேஜ் என்பார்கள். தளர்வு சிறியதுதான். ஆனால் அது எல்லாக் காற்றாலைக்கும், எல்லா நாளும் சேர்ந்து வரும் சிறியது. சூத்திரத்தில் அதற்கு இடமே இல்லாததால் எத்தனை முறை ஓட்டினாலும் அது தென்படாது. ஆர்ஸ்டெட் தன் அறிவிப்பில் பெயர் சொல்லிச் சுட்டியவை இந்த பிளாக்கேஜும் நிழல் விளைவும்தான்.

## ஒரு சிமுலேஷன் முடிவைப் பார்த்தால் கேட்கவேண்டியவை

1. இறக்கைமேல் உள்ள விசை கணக்கிட்டதா, அட்டவணையிலிருந்து எடுத்ததா? அட்டவணை என்றால், புது இறக்கைக்கா, மணலும் மழையும் அரித்து முன்விளிம்பு சொரசொரப்பான இறக்கைக்கா? இரண்டுக்கும் எண்கள் வேறு.

2. உள்ளே விட்ட காற்று எப்படிப்பட்டது? சீரான காற்றில் கிடைத்த முடிவு கொந்தளிப்பான காற்றில் அப்படியே நிற்காது.

3. அறைகளை இன்னும் சிறிதாக்கி ஓட்டிப் பார்த்தார்களா? விடை மாறிக்கொண்டே இருந்தால் அது இன்னும் விடையாகவில்லை.

4. எந்த அளவீட்டோடு ஒப்பிட்டார்கள்? இதில்தான் இப்போது நிஜமான இடைவெளி. 2000-ல் அளந்த அந்த 10 மீட்டர் ரோட்டாரும், 2006-லும் 2014-லும் ஜெர்மன்–டச்சுக் காற்றுச் சுரங்கத்தில் ‘மெக்சிகோ’ என்று பெயரிட்ட திட்டத்தில் அளந்த 4.5 மீட்டர் ரோட்டாரும் இன்றுவரை ஒப்பீட்டுக்குத் திரும்பத் திரும்ப எடுக்கப்படுகின்றன. 2020-ல் வெளியான 15 மெகாவாட் மாதிரிக் காற்றாலைக்கோ விட்டம் 240 மீட்டர். அதன் இறக்கை நுனி கீழே வரும்போது கடல் மட்டத்திலிருந்து 30 மீட்டர், மேலே போகும்போது 270 மீட்டர். ஒரே சுற்றில் அது கடக்கும் காற்று கீழே ஒரு வேகம், மேலே ஒரு வேகம், திசையும் கொஞ்சம் மாறும், இறக்கையும் பல மீட்டர் வளைந்திருக்கும். அதை வைக்க உலகில் காற்றுச் சுரங்கம் கிடையாது. திறந்த வெளியில் லேசர் கதிரை அனுப்பிக் காற்றை அளக்கும் லைடார் கருவிகளைத்தான் நம்பவேண்டியிருக்கிறது, அங்கே காற்றை யாரும் நிறுத்தி வைத்து மறுபடி ஓட்ட முடியாது.